இடமிருந்து நாலாவது கூரை

கூரை வேலைக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் பருந்து. ட்ரோனைப் பறக்கவிட்டுக் கூரையைப் படமெடுத்து, எங்கே ஓடு உடைந்திருக்கிறது, எங்கே தண்ணீர் இறங்குகிறது என்று ரிப்போர்ட் எழுதிக் கொடுப்பது அவள் தொழில். அந்தப் பெயர் அவள் காதுக்கும் வந்தது. பெருமையாகத்தான் இருந்தது.

அவர்களுக்கு அவள்மேல் வயிற்றெரிச்சல் வந்ததற்குக் காரணம் இருந்தது. மூன்று ஓடு மாற்ற ஏறியவன், யாரும் பார்க்காத உச்சியில் இன்னும் நாலைத் தட்டிவிட்டு, "மேல நிலைமை ரொம்ப மோசம் சார்" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இறங்குவது அந்தத் தொழிலில் நடக்காததல்ல. ஆகவே ஏணி சாத்துமுன் ஒரு படம், ஏணியை எடுத்தபின் ஒரு படம் என்று வைத்துக்கொண்டாள். இரண்டையும் அருகருகே போட்டுக் காட்டுவாள். ஒன்பது வருஷத்தில் ஐந்து பேர் பிழைப்பு போனது. தயவு தாட்சண்யம் அவளிடம் மருந்துக்கும் கிடையாது.

அந்த வட்டாரத்தின் பெரிய கூரை மேஸ்திரி அவளுடைய அக்கா புருஷன். இருவரும் எலியும் பூனையும். "கூரைமேல ஒரு நாள் கால் வச்சிருப்பாளா? பொம்மையைப் பறக்கவிட்டுக்கிட்டு நமக்கு வேலை சொல்ல வந்துட்டா" என்று அவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவர் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து அக்கா வாரம் ஒருமுறை போன் செய்வாள். பருந்துக்கு இருந்த ஒரே சொந்தம் அதுதான்.

ஒரு தெருவில் பதினாலு வாடகை வீடுகள் வரிசையாக, எல்லாம் ஒரே அச்சு. நாலாவது வீட்டில் மூன்று ஓடு உடைந்திருந்தது. அந்த வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜர் வேலையை மேஸ்திரிக்குக் கொடுத்தார். வேலை முடிந்தபின் அவள் எடுத்த படத்தில் ஒன்பது ஓடு உடைந்து கிடந்தது. அடுத்த மழைக்கும் தன்னையே கூப்பிடட்டும் என்று உடைத்து வைத்திருக்கிறார். "மாட்டினார்" என்று வாய்விட்டே சொன்னாள். அப்படி ஒரு சந்தோஷம்.

மேனேஜர் அறையில், மேஸ்திரியின் ஆட்கள் மூன்று பேர் பார்க்க, லேப்டாப்பைத் திருப்பி வைத்தாள்.

"ஏறினப்ப மூணு. இறங்கினப்ப ஒம்போது. நீங்களே பாத்துக்கங்க சார்."

மேஸ்திரி முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "நான் உடைக்கல. ஏறிப் பாத்துட்டு வந்து பேசு."

"ஏற வேண்டாம்னுதான அத்தான் இந்த மெஷினே."

பதினாலு வீட்டு வேலையும் அவர் கையைவிட்டுப் போனது. அக்காவின் போனும் நின்றது.

ஐந்தாம் வாரம் மழை கொட்டியது. நாலாவது வீட்டில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. பதினோராவது வீட்டுக் கூடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். மேனேஜர் கூப்பிட, போய் ட்ரோனை ஏற்றினாள். பதினோராவது கூரையில் அதே ஒன்பது ஓடு, அதே விரிசலோடு கிடந்தது.

பழைய இரண்டு படங்களையும் எடுத்துப் பார்த்தாள். முதல் படத்துக்குத் தெருவில் நின்றிருந்தாள். இரண்டாவதற்குத் தெருவை லாரி அடைத்திருந்ததால் பின்சந்தில் நின்றாள். இரண்டு தடவையும் இடதுகைப் பக்கமிருந்து நாலு எண்ணியிருக்கிறாள். பின்னாலிருந்து எண்ணினால் நாலாவதாக வருவது பதினோராவது வீடு. கீழே கதவு எண்ணைப் பார்த்து ஏணி சாத்துகிற எவனும் இந்தத் தப்பைச் செய்யமாட்டான்.

சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரியாது. மறுநாள் மேஸ்திரியையும் அதே மூன்று பேரையும் வரச்சொல்லி, மேனேஜர் முன்னால் சொன்னாள்: "தப்பு என்னுது. அத்தான் ஒரு ஓடுகூட உடைக்கல." மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு வேலையைத் திருப்பிக் கொடுத்தார்.

மேஸ்திரி கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கத்தவில்லை.

"ஒம்போது வருஷமா எடுக்கிற. இடம் வலம் மாறினது இது ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்."

"பழைய படத்தையெல்லாம் எடுத்துப் பாத்தியா?"

வீட்டுக்குப் போய் வேலை இழந்த ஐந்து பேரின் படங்களையும் திறந்தாள். மேஸ்திரி மூக்கை உடைக்கத்தான் திறந்தாள். நாலு பேருடைய படங்கள் சரியாக இருந்தன. ஐந்தாவது ஆள் ஏறியது இன்னொரு தெருவின் வரிசை வீட்டில். முதல் படத்தின் கீழ் ஓரத்தில் தெருவிளக்கு. இரண்டாவதில் அதே ஓரத்தில் கொல்லைப்புறத் துணிக்கொடி. அங்கேயும் முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை நின்று எண்ணியிருக்கிறாள். அந்த ஆள் அன்று அவள் வாசலில் வந்து நின்று, திக்கித் திக்கி, "நான் உடைக்கலம்மா, வேணும்னா என் பிள்ளைங்க தலைமேல சத்தியம் பண்றேன்" என்றான். அவள் கதவைச் சாத்தியிருந்தாள்.

அக்காவுக்குப் போன் செய்தாள். நாலைந்து தடவை அடித்தபின் எடுத்தாள்.

"அக்கா, அத்தான்கிட்ட முன்னாடி வேலை செஞ்சாரே, வாய் கொஞ்சம் திக்கும், அவர் இப்ப எங்க இருக்கார்?"

"அவரை எதுக்குடி கேக்குற? ஏணியை வித்துட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு எங்கயோ போயிட்டாரு. எங்கன்னு யாருக்கும் தெரியாது. நீதானடி துரத்தின" என்று சொல்லி அக்கா போனை வைத்துவிட்டாள்.