இரண்டு சதப் புத்தகத்து வீரனும் பெரிய கங்காணியும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். தைப்பூசத்தன்று எழுத உட்காருவேன், பிள்ளையார் சுழியோடு எழுந்துவிடுவேன். வெட்கம் ஒரு காரணம். பயம் இன்னொரு காரணம், அது எனக்காகப் பட்ட பயம் அல்ல. இதில் வருகிற பெரிய கங்காணி உயிரோடு இருந்தபோது ஒரு சொல் அவர் காதுக்குப் போயிருந்தாலும், மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், ஒரு பெண்பிள்ளையின் அடுப்பு அன்றைக்கே அணைந்திருக்கும். இப்போது அவர் சிவலோகம் சேர்ந்துவிட்டார். அந்த அம்மாளும் பிள்ளைகளோடு திருச்சிப் பக்கம் திரும்பிப் போய்விட்டாள். இனி மறைக்க ஒன்றுமில்லை. முருகன் துணை.

எனக்குப் பள்ளிப்படிப்பு கொஞ்சம்தான். நெற்றியில் திருநீறு, கையெழுத்தில் சுத்தம், இந்த இரண்டையும் பார்த்துத்தான் இலங்கை மலைநாட்டுப் பதுளைக் கடைவீதியில் ஒரு முதலாளி என்னை வேலைக்கு வைத்துக்கொண்டார். தோட்டங்களுக்கு அரிசி, மிளகாய், கருவாடு கொடுக்கிற கடை. அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு கையச்சு இயந்திரமும் இருந்தது. கல்யாணப் பத்திரிகையும் கருமாதி அறிவிப்பும் அதில் அடிப்பார்கள். கல்யாணமும் சாவும் இல்லாத மாதங்களில் இயந்திரம் சும்மா கிடக்கும். சும்மா கிடக்கிற எதையும் முதலாளியால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, என்னையும் சேர்த்து. அப்படித்தான் மாதம் ஒரு கதைப் புத்தகம் தொடங்கியது. எட்டுப் பக்கம், பக்கத்துக்குப் பக்கம் படம், விலை இரண்டு சதம். அதில் வருகிற வீரன் மலையைத் தூக்குவான், இடியைப் பிடிப்பான், ஏழைகளைக் காப்பான். எழுதுகிறவன் நான்.

எழுதுகிறவன் என்று சொன்னால் கதையை யோசித்து எழுதினேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். சென்னையில் அச்சுக்கூடங்கள் தேய்ந்துபோனதென்று கழித்துப் போடுகிற படக்கட்டைகளை முதலாளி எடைக்கு வாங்குவார். மரத்தில் படத்தைச் செதுக்கி, மை தடவி அழுத்துகிற கட்டைகள் அவை. அப்போது ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். அங்கிருந்து கருவாட்டு மூட்டைகளோடு மாட்டு வண்டியில் அவையும் வரும். முதலாளி நாலைந்தைப் பொறுக்கி அரிசி மூட்டைமேல் வரிசையாக வைத்து, "இதுக்குத் தக்கன எழுதும்" என்பார். படம் முதலில், கதை பிறகு. கருவாட்டு வாடை இரண்டுக்கும் நடுவில்.

வீரனுடைய கட்டை ஏதோ பலம் தரும் லேகிய விளம்பரத்துக்குச் செதுக்கியது. முறுக்கு மீசை, பெரிய தொடை, தலைக்குமேல் தூக்கிய பாறை. வண்டியில் வந்தபோதே அடிப்பக்கம் உடைந்து, கணுக்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. முதல் புத்தகத்தை வாங்கிய ஒருவர், "என்னாங்க, கால் இல்லாதவனா மலையத் தூக்குறான்?" என்று கேட்டுவிட்டார். அடுத்த மாதமே எழுதிவிட்டேன், வீரனுக்குப் பாதம் தரையில் படாது, அவன் காற்றில் நடக்கிறவன் என்று. ஜனங்களுக்கு மெத்தப் பிடித்துப்போயிற்று. பிறகு ஒரு மழைக்காலத்தில் கட்டையின் மார்பில் குறுக்கே வெடிப்பு விழுந்தது. அதை இடி விழுந்த தழும்பாக்கி, அன்று முதல் அவன் இடியைத் தின்கிறவன் என்று எழுதினேன். ஒரு சிங்கக் கட்டை வந்தது. அதன்முன் ஒரு தேநீர்க் கோப்பையும் சேர்த்தே செதுக்கியிருந்தது. சிங்கம் வீரனிடம் விரதம் ஏற்றுச் சைவமாயிற்று. குளிக்கிற சவர்க்கார விளம்பரத்துக்குச் செதுக்கிய ஒரு வெள்ளைக்காரத் துரைசானியும் வந்தாள். தொப்பி போட்ட நாகலோகத்து ராணியை என்னைத் தவிர வேறு யார் எழுதியிருக்கப்போகிறார்கள்?

நான் ஒவ்வொரு கதைக்கும் பிள்ளையார் சுழி போட்டுத்தான் தொடங்குவேன். என் சம்சாரத்துக்கு அது பொறுக்காது. "புளுகுறதுக்கும் புள்ளையாரையா கூப்புடுறீங்க?" என்பாள். நான் திருநீற்றை இன்னும் கொஞ்சம் பூசிக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து ஜனங்கள் சாமான் வாங்கக் கடைக்கு வருவார்கள். நூற்றில் இரண்டு பேருக்கு வாசிக்கத் தெரிந்தால் அதிகம். ஆனாலும் புத்தகம் விற்றுப்போகும். லயத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். பசறைப் பக்கத்து ஆட்கள் வீரன் மதுரைச் சீமைக்காரன் என்பார்கள். அப்புத்தளை ஆட்கள் திருச்சிதான் என்று சத்தியம் செய்வார்கள். முதலாளியிடம் நியாயம் கேட்டால், யார் அதிகம் வாங்குகிறார்களோ அவர்கள் ஊர் என்று தீர்ப்புச் சொல்வார்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு மாதம் மூட்டைமேல் வைத்த கட்டைகளில் ஒன்று, மரக்கிளையில் தலைகீழாகத் தொங்குகிற மனிதன். தலைப்பாகையும் மீசையும் உள்ள கனத்த ஆசாமி. அவனை யார் தொங்கவிட்டது, எதற்கு என்று நான்தான் சொல்ல வேண்டும். அந்த வாரம் கடைக்கு வந்த ஒருத்தி, காய்ச்சலோடு, காலையில் ஆட்களின் பெயர் பதிகிற பெரட்டுக்குப் போய் நின்றும், ஒரு விநாடி பிந்தினாள் என்று கங்காணி பெயரை வெட்டி அன்றைக்கு வேலையும் கூலியும் இல்லாமல் விரட்டிவிட்டான் என்று அழுதிருந்தாள். அது மனதில் இருந்தது. பெரட்டுக் களத்தில் நோயாளிகளின் பெயரை வெட்டுகிற ஒரு கங்காணியை வீரன் பிடித்து, அந்தக் களத்து மரத்திலேயே தலைகீழாகத் தொங்கவிட்டான் என்று எழுதினேன். எந்தக் கங்காணியையும் மனதில் வைத்து எழுதவில்லை. ஆனால் ஊவா மாகாணத்தில் உள்ள அத்தனை கங்காணிகளும் அது தாங்கள்தான் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். தங்களைத் தாங்களே அவ்வளவு நன்றாக அறிந்த மகாஞானிகளை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மடுல்சீமைப் பக்கத்துப் பெரிய கங்காணி குதிரைமேல் வந்து இறங்கினார். கோட்டு, காதில் கடுக்கன், பின்னால் குடைபிடிக்க ஒரு ஆள். அவருக்குக் கீழே நூற்றுக்கணக்கான ஆட்கள், அத்தனை பேருக்கும் எங்கள் கடை அரிசி. அதனால் முதலாளி வாசல்வரை ஓடிப்போய் அழைத்துவந்தார். கங்காணியாருக்கு எழுத்து வாசனை கிடையாது. அந்தப் படத்துப் பக்கத்தை விரித்து என் முன்னால் போட்டார்.

"இது யாரு?"

"கதைங்க" என்றேன்.

"தலப்பா எனக்குத் தெரியாதா? எங்க ஆளுக பாத்துச் சிரிக்குறானுக. பெரட்டுல நான் நின்னா, அவனுக மரத்தப் பாக்குறானுக."

முதலாளி கையைப் பிசைந்துகொண்டு, அதற்கு என்ன செய்ய வேண்டும், உத்தரவாகட்டும் என்றார். கங்காணியார் அதையும் யோசித்துத்தான் வந்திருந்தார். அடுத்த புத்தகத்தில் வீரன் பெரிய கங்காணியிடம் வந்து, தப்புச் செய்தேன் சாமி என்று அவர் காலில் விழ வேண்டும். அப்படி எழுதினால் அத்தனை புத்தகத்தையும் அவரே வாங்கி, லயத்துக்கு லயம் இலவசமாகக் கொடுப்பார். இல்லாவிட்டால் அரிசிக்கு வேறு கடை பார்த்துக்கொள்வார்.

அவர் குதிரை ஏறுவதற்கு முன்பே முதலாளி கட்டைப் பெட்டியைக் கிளறி ஒரு படத்தை எடுத்துவிட்டார். ஒரு ஆள் நிமிர்ந்து நிற்க, இன்னொரு ஆள் அவன் காலடியில் குப்புற விழுந்து கிடக்கிறான். என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை.

"முதலாளி, ஆண்டவன் காலைத் தவிர வேற எவன் காலிலும் விழமாட்டேன்னு அவன் மொதப் புத்தகத்துலயே சத்தியம் பண்ணியிருக்கான்."

"யாரு பண்ணது? நீருதானே எழுதுனீரு?"

"ஆமா. அவன் பண்ணான், நான் எழுதுனேன்."

முதலாளி கட்டையை அரிசி மூட்டைமேல் போட்டார். கால் இல்லாதவனுக்குச் சத்தியம் ஒரு கேடா, போன வருஷம் எழுதியதை எவன் ஞாபகம் வைத்திருக்கிறான் என்று சத்தம் போட்டார். வேலை போனால் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும் என்று தெரியாது. ஆனாலும் பெயர் வெட்டுப்பட்ட அந்தப் பெண்ணும் இந்தப் புத்தகத்தைக் கேட்கப்போகிறாளே. அவளுக்காக உலகத்தில் எழுந்து நின்றவன் இந்த ஒருவன்தான், அவனும் மரக்கட்டை. அவனையும் குப்புறத் தள்ள என் கை வரவில்லை.

"சரி. கதைதானே? நானே எழுதுறேன். எழுதாட்டிப் போம், மூட்டையையாவது தூக்கும்" என்றார் முதலாளி.

அன்று முதல் நான் மிளகாய் நிறுக்கப் போனேன். முதலாளி கல்லாவில் உட்கார்ந்து இலக்கியம் படைத்தார். அவர் எழுதியதில் பாதி பெரிய கங்காணியின் புகழ், மீதி எங்கள் கடை அரிசியின் புகழ். வீரன் காலில் விழுந்து எழுந்தபின், இந்தத் தோட்டத்துச் சோறு மாதிரி எங்கும் உண்டதில்லை என்று வேறு சொல்கிறான்.

புத்தகக் கட்டுகளோடு என்னையே மடுல்சீமைக்கு அனுப்பினார். மாரியம்மன் திருவிழாவுக்கு மறுநாள், வேலை இல்லாத பகல். லயத்து முற்றத்தில் ஜனங்கள் கூடியிருந்தார்கள். புத்தகம் வாசிக்கிறவள் கொழுந்து பறிக்கிற ஒரு விதவை. ஊரில் சிறு வயதில் பாதிரிமார் பள்ளியில் கொஞ்சம் படித்தவள். நான் புத்தகக் கட்டை அவிழ்க்கும்போதே, "என்னங்க கடைக்காரரே, இந்த மாசம் எங்காளு யாரத் தொங்கவிட்டாரு?" என்று கேட்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வாசிக்கத் தொடங்கும் நேரத்துக்குப் பெரிய கங்காணியே வந்துவிட்டார். நாற்காலி போட்டு நடுவில் உட்கார்ந்தார். அவருடைய கணக்கப்பிள்ளை ஏற்கனவே அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டதால், எந்த இடத்தில் தலையாட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அவள் முதலாளியின் வரிகளை ஒரு எழுத்துப் பிசகாமல் வாசித்தாள். வீரன் காலில் விழுகிற பக்கம் வந்தது. வாசித்தாள். முற்றத்தில் ஒரு மூச்சுச் சத்தம் இல்லை. பெயர் வெட்டுப்பட்டு எங்கள் கடையில் அழுதவளும் அங்கே இருந்தாள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கங்காணியார் அந்த மௌனத்தைப் பக்தி என்று எடுத்துக்கொண்டு எழுந்தார். வீட்டுக்கு ஒரு புத்தகம் கொடுக்கச் சொன்னார். அந்தப் படத்தைக் கிழித்து ஒவ்வொரு அறையிலும் சுவரில் ஒட்ட வேண்டும், தான் வந்து பார்ப்பேன் என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார்.

குதிரைச் சத்தம் தேய்கிறவரை யாரும் அசையவில்லை. பிறகு ஒரு கிழவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "சரி ஆத்தா, இப்ப நெசத்தப் படி" என்றார்.

அவள் பக்கத்தைத் திருப்பினாள். படத்தை எல்லோருக்கும் தெரிய உயர்த்திப் பிடித்தாள். படத்தில் நிற்கிறவனுக்கும் மீசை, தலைப்பாகை. கிடக்கிறவனுக்கும் தலைப்பாகை, முகம் மண்ணில். எவன் யார் என்று கட்டையைச் செதுக்கினவனுக்குத்தான் தெரியும். அவள் நிற்கிறவன்மேல் விரலை வைத்து, அதே பக்கத்தைத் திரும்பவும் வாசித்தாள். இந்த முறை பெரிய கங்காணி வந்து, தப்புச் செய்தேன் சாமி, இனி நோயாளி பெயரை வெட்டமாட்டேன் என்று வீரன் காலில் விழுந்தார். முற்றமே குலுங்கியது. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நான் வாசித்தவளிடம் போய், அச்சில் அப்படி இல்லையே அம்மா என்று மெதுவாகக் கேட்டேன்.

"தெரியுமுங்க" என்றாள். "மொதப் புத்தகத்துலயே அவன் சத்தியம் பண்ணிட்டானுல்ல? அச்சுல தப்பு விழுந்துருக்கு. திருத்திப் படிச்சேன்."

என் வேலையைக் காவு வாங்கிய சத்தியத்தை, எழுதிய என்னைத் தவிர இன்னொருத்தியும் ஞாபகம் வைத்திருந்தாள். திரும்பி வருகிற வழியெல்லாம் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். மூட்டை இல்லாததால் மட்டும் உடம்பு லேசாக இருந்தது என்று நினைக்கவில்லை.

கங்காணியார் சொன்னபடியே லயம் லயமாகச் சுற்றிச் சுவர்களைப் பார்த்தாராம். "பாத்தீங்களா, யாரு விழுந்து கெடக்குறதுன்னு?" என்று கேட்பாராம். ஜனங்கள் கைகட்டி, "தெனம் பாத்துக்கிட்டுத்தாங்க இருக்கோம்" என்பார்களாம். தன் செலவில், தன் உத்தரவில், தான் குப்புறக் கிடக்கிற படத்தை அத்தனை சுவரிலும் ஒட்டவைத்து, சாகும்வரை அதைப் பார்த்துப் பூரித்தார். பெரட்டில் பெயர் வெட்டுவதை அவர் நிறுத்தவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கதை அவ்வளவுதான் செய்யும். ஆனால் பெயர் வெட்டுப்பட்டவர்கள் அறைக்குத் திரும்பியதும் சுவரைப் பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டேன்.

புத்தகம் முழுக்கத் தீர்ந்த மகிழ்ச்சியில் முதலாளி தம்மைப் பெரும் புலவர் என்று நம்பிவிட்டார். அடுத்த புத்தகமும் அவரே எழுதினார். அதை இலவசமாகக் கொடுக்கக் கங்காணி இல்லாததால், கடையில் மிளகாய் மடிக்க உபயோகப்பட்டது. நான் மிளகாய் நிறுத்துக்கொண்டே காலத்தை ஓட்டினேன். குறையொன்றும் இல்லை.

இவ்வளவுதான் நடந்தது. வாசிக்கிறவர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். இதை வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துச் சொல்லுங்கள், ஆனால் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். என்னை வீரனாக்க வேண்டாம், நான் மிளகாய் நிறுத்தவன். கங்காணியாரை அரக்கனாக்கவும் வேண்டாம், அவருக்கும் பிள்ளைகுட்டிகள் உண்டு. அந்த அம்மாள் திருத்தியது பொய்யை. இதில் பொய் இல்லை, ஆண்டவன் சாட்சி. யாருக்காவது இது பிடிக்கவில்லை என்றால், வாசிக்காமல் மூடிவைத்துவிடுங்கள். புரட்டி மட்டும் சொல்லாதீர்கள்.