பத்மநாதனை நம்பி வைத்த காசு

பத்மநாதன் ஒரே இருப்பில் சீட்டாடி அறுபதாயிரம் பவுண் வென்றுவிட்டாராம் என்ற கதை தவமலரின் காதுக்கு மூன்று வாய் மாறித்தான் வந்து சேர்ந்தது. லண்டனில் பார்க்கிங் என்ற பகுதியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் யாரோ ஒருவர், சாமான் வாங்க வந்த ஒரு பெண்ணிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் ஹவுன்ஸ்லோவில் இருக்கும் தன் மச்சாளுக்குப் போன் எடுத்துச் சொன்னாள். அந்த மச்சாள், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில், தவமலருக்குப் பக்கத்தில் நின்று தட்டுகளில் வெண்ணெய்க்கட்டி வைக்கிறவள்.

"அறுபதாயிரமோ?" தவமலரின் கை, தட்டில் வைக்க எடுத்த பாண் துண்டோடு அப்படியே நின்றுவிட்டது.

"அறுபதாயிரம் அக்கா. போக்கராம். வெளியிலை வரேக்கை கசினோ வாசல்காரனுக்கு மட்டும் நூறு பவுண் குடுத்தவராம்."

"நீ கண்டனியோ?"

"நானெங்கை காணுறது? கண்டவை சொல்லுகினம்."

"கண்டவையோ, கேட்டவையோ?"

"உங்களுக்கென்ன வந்தது? சந்தோஷப்படுங்கோவன். உங்கடை காசும் அவரிட்டைத்தானே கிடக்குது."

அது தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு ஐப்பசி மாதம். உண்மையைச் சொன்னால், அன்றைக்கு அந்தக் கதை அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலத்தான் இருந்தது. மூன்று மாதம் கழித்து அதே கதையை நினைத்து அவள் தன்னையே நொந்துகொள்ளப் போகிறாள் என்று அப்போது யார் கண்டார்?

தவமலர் எண்பத்தைந்தில் லண்டனுக்கு வந்தவள். வந்த புதிதில் ஒரு முதியோர் இல்லத்தில் படுக்கைத் துணி துவைத்தாள். பிறகு இந்தச் சாப்பாட்டுக் கூடம். ஏழு வருடமாகத் தலையில் வலைத்தொப்பி, கையில் உறை, காலடியில் ஈரச் சீமெந்து. புருஷன் தியாகராஜா பெற்றோல் ஸ்ரேஷனில் ஷிப்ட் வேலை. பிள்ளைகள் இல்லை. இருந்த ஒரே இரத்த உறவு தங்கச்சி கல்யாணி. அவளுக்கும் தவமலருக்கும் பன்னிரண்டு வயது இடைவெளி. தாய் போன பிறகு கல்யாணிக்குத் தலை பின்னிவிட்டதிலிருந்து முதல் பள்ளிச் சோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனதுவரை எல்லாம் இவள்தான். அந்தத் தங்கச்சியை யாழ்ப்பாணத்தில் தனியே விட்டுவிட்டு வந்தோம் என்ற குற்ற உணர்ச்சி, அவள் சாப்பிடும்போதும் பக்கத்தில் வந்து குந்தியிருக்கும்.

அவளையும் லண்டனுக்குக் கூப்பிட வேண்டும். அதற்கு, களவாக ஆட்களை ஏற்றி இறக்குகிற ஏஜென்சிக்காரன் வேண்டும். ஏஜென்சிக்காரனுக்கு ஆறாயிரத்து ஐந்நூறு பவுண் வேண்டும்.

அந்த நாட்களில் எங்கள் ஆட்களிடையே ஒரு முறை இருந்தது. காசை முன்கூட்டியே ஏஜென்சிக்காரன் கையில் கொடுத்தால் ஆள் வந்து சேராது. கொடுக்காவிட்டால் அவன் ஆளை ஏற்றமாட்டான். ஆகவே இரண்டு பக்கமும் நம்புகிற ஒருவரிடம் நடுவில் வைப்பார்கள். ஆள் பத்திரமாக வந்து இறங்கி, வீட்டுக்காரர் அந்த நடு ஆளுக்குப் போன் எடுத்து, "வந்திட்டுது, குடுங்கோ" என்று சொன்னால் காசு கைமாறும். எழுத்தில்லை, சாட்சியில்லை. எல்லாம் வாய்ப்பேச்சு.

அறுபதாயிரக் கதை வருவதற்குச் சில மாதம் முன்னமே, யாரிடம் வைப்பது என்பதில் வீட்டில் சண்டை வந்தது.

"சிவானந்தன் மாஸ்டரிட்டை வைப்பம்" என்றார் தியாகராஜா. சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற மனிதர். கவுன்சில் வீட்டில் ஒரு அறையில் தனியே இருப்பவர்.

"அந்த மனிசன் ஒரே ஜாக்கெட்டைப் பத்து வருசமாப் போட்டுக்கொண்டு திரியுது. இல்லாத மனிசனுக்கு ஒரு அவசரம் வந்தால் இதிலை கை வைக்காதோ? பத்மநாதன் அண்ணையைப் பாருங்கோ. எங்கடை காசு அவருக்குக் கால்தூசு."

"காட்ஸ் விளையாடுற ஆள் தவம்."

"விளையாடித் தோக்கிற ஆளெண்டால் பயப்பிடலாம். அவர் வெல்லுறார்தானே!"

தியாகராஜா ஷிப்ட் உடுப்பை மாட்டிக்கொண்டு வேலைக்கு வெளிக்கிட்டார். ஊரில் முன்னூற்றிநாலு என்ற சீட்டாட்டம் விளையாடிய எங்கள் ஆட்களுக்கு, போக்கர் என்பதும் அதைப்போல ஒன்றுதான். ஞாபகசக்தி உள்ள கெட்டிக்காரன் வெல்லுவான், அவ்வளவுதான். பத்மநாதன் ஊரில் கணக்கில் புலி என்று பெயர் எடுத்தவர். பிறகென்ன?

கிங்ஸ்பரியில் இருந்த பத்மநாதனின் வீட்டுக்குப் புருஷனும் பெண்சாதியும் காசோடு போனார்கள். வாசலில் சாம்பல் நிற பென்ஸ். உள்ளே வெள்ளைத் தோல் சோபா, சுவரின் பாதியை அடைத்த தொலைக்காட்சி. பத்மநாதன் கிரீம் நிற சூட்டில், மணிக்கட்டில் கனத்த தங்கச் சங்கிலியோடு கதவைத் திறந்தார். காசுக் கட்டை வாங்கி, பார்க்காமலே அலமாரி இழுப்பறைக்குள் போட்டார்.

"எண்ணிப் பாருங்கோ அண்ணை."

"உங்கடை காசை எண்ணிப் பாக்கிற அளவுக்கு நான் வந்திட்டனோ பிள்ளை?" என்று சிரித்துவிட்டு மனைவியின் பக்கம் திரும்பினார். "சந்திரா, இவைக்குத் தேத்தண்ணி குடும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் தவமலர், "கண்டியளோ, எண்ணக்கூட இல்லை" என்றாள். அதைவிடப் பெரிய உத்தரவாதம் அவளுக்குத் தேவைப்படவில்லை.

கல்யாணி கார்த்திகையில் மொஸ்கோவரை வந்துவிட்டாள். அங்கே ஒரு மாடிக் குடியிருப்பில், ஒரு அறைக்குள் பதினான்கு பேர். இரண்டு கிழமைக்கு ஒருமுறை போன் வரும். "குளிர் அக்கா. ஆனா பறவாயில்லை" என்பாள்.

தை மாதம் ஒரு திங்கட்கிழமை ஏஜென்சிக்காரனே போன் எடுத்தான். அவன் மிகவும் மரியாதையாகக் கதைக்கிறவன். அந்த மரியாதைதான் அவளைப் பயமுறுத்தியது.

"அக்கா, வெள்ளிக்கிழமை விடிய ஒரு குறூப் வெளிக்கிடுது. தங்கச்சிக்கு இடம் வைச்சிருக்கிறன். ஆனா பத்மநாதன் அண்ணை ஒரு கிழமையா என்ரை போன் எடுக்கிறாரில்லை."

"அவர் வேலையா இருப்பார் தம்பி."

"இருக்கட்டும். காசு கையிலை இருக்கெண்டு அவர் ஒரு சொல் சொன்னால் போதும். வியாழன் பின்னேரம் ஏழு மணிக்குத் தங்கச்சி உங்களுக்கு எடுப்பா. அதுக்குள்ளை அவர் சொல்லாட்டில், நீங்களே சொல்லுங்கோ. நீங்கள் இருக்கெண்டால் நான் ஏத்துவன்."

"ஏத்தினாப்பிறகு... ஏதும் பிரச்சினை எண்டால்?"

"அதை நான் இப்ப கதைக்க விரும்பேல்லை அக்கா."

கதைக்கத் தேவையும் இல்லை. காசு வராத ஆட்களை வழியில் ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு வீட்டில் பூட்டி வைத்திருப்பார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். தவமலருக்குத் தெரிந்த ஒரு பிள்ளை நான்கு மாதம் அப்படிக் கிடந்து வந்தவள். இன்றைக்கும் கதவு சாத்துகிற சத்தத்துக்கு எழும்பி நிற்கிறாள். ஏற்றாமல் விட்டாலும் ஆபத்துத்தான். கல்யாணியின் மொஸ்கோ விசா அந்த மாதக் கடைசியோடு முடிகிறது.

செவ்வாய் முழுக்க, புதன் முழுக்கத் தவமலர் கிங்ஸ்பரி நம்பரைச் சுழற்றினாள். அடித்துக்கொண்டே இருந்தது. இடைவேளையில் சமையற்கூடத்துப் பொதுத் தொலைபேசியிலும் எடுத்துப் பார்த்தாள். பாண் துண்டு வைக்க மறந்து நாற்பது தட்டுகளை அனுப்பிவிட்டாள் என்று சூப்பர்வைசரிடம் ஏச்சும் வாங்கினாள்.

வியாழக்கிழமை மத்தியானம் சுகமில்லை என்று சொல்லிவிட்டு வெளிக்கிட்டாள். கிறிஸ்துநாயகம் மினிகாப் ஓட்டுகிறவர், தியாகராஜாவின் கூட்டாளி. அவர்தான் அவளைக் கிங்ஸ்பரிக்கு ஏற்றிக்கொண்டு போனார். வழியில் அவள் விஷயத்தைச் சொன்னதும் மனிதர் வேகத்தைக் குறைத்தார்.

"ஏன் தங்கச்சி அவரிட்டை வைச்சனீங்கள்?"

"வெல்லுற ஆளெண்டு ஊரெல்லாம் சொல்லுதே அண்ணை! பேந்து அறுபதாயிரமும் வென்றவராம்."

"ஊர் சொல்லும். நான் அந்தக் கசினோ வாசல்லை சவாரிக்கு நிக்கிறனான், ஆறு வருசம். வென்றவன் வெளியிலை வரேக்கை நாலு பேர் தோளிலை கை போட்டுக்கொண்டு வருவாங்கள். தோத்தவன் மற்றக் கதவாலை போவான். வென்றதை ஆளாளுக்குச் சொல்லுவாங்கள். தோத்ததை ஆர் சொல்லுறது?"

"பத்மநாதன் அண்ணையை ஏத்தினனீங்களோ?"

"மூண்டு தரம். அந்த பென்ஸ் இப்ப இல்லை. ரெண்டு தரம் காசு பேந்து தாறன் எண்டவர்." கிறிஸ்துநாயகம் கண்ணாடிக்குள்ளால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அவசரமாகச் சொன்னார்: "வெல்லுற ஆக்கள் இல்லையெண்டு சொல்லேல்லை. ஒரு கிழட்டு வெள்ளைக்காரன் இருக்கிறான். பழைய ஸ்வெட்டர், பஸ்ஸிலைதான் வருவான். அவன் வெல்லுறான். ஆனா அவனைப்பற்றி ஆர் கதைக்கினம்? சூட்டும் சங்கிலியும் போட்டிருக்கிறவைக்கு முன்னாலை குவிஞ்சு கிடக்குதே காசுக்குப் பதிலான சிப்ஸ், அது ஆற்றை காசெண்டு அதிலை எழுதியே கிடக்குது? பத்துப் பேர் கட்டிவிட்ட காசு. வென்றால் பங்கு, தோத்தால் அவையின்ரை தலையெழுத்து."

கிங்ஸ்பரியில் தவமலர் இறங்கிப்போய்க் கதவைத் தட்டினாள்.

பத்மநாதனின் மனைவி சந்திரவதனா கதவுச் சங்கிலியைக் கழற்றாமல் இடுக்கால் பார்த்தாள். ஆளை அடையாளம் கண்டதும் பெருமூச்சோடு உள்ளே விட்டாள். வெள்ளைச் சோபா இருந்த இடத்தில் கம்பளத்தில் நான்கு குழிகள் மட்டும் இருந்தன. தொலைக்காட்சியும் இல்லை. ஜன்னலோரம் ஒரு தையல் இயந்திரம். அதைச் சுற்றி ஜிப் வைக்காத காற்சட்டைகள் இடுப்பளவுக்கு அடுக்கிக் கிடந்தன. ஹீற்றர் போடாத வீட்டில் அவள் ஓவர்கோட்டோடு இருந்து தைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இந்தக் கிழமை நீங்கள் ஏழாவது ஆள் அக்கா" என்றாள்.

"அறுபதாயிரம் வென்றவர் எண்டு..."

"வென்றவர். அது பொய்யில்லை. அதிலை ஐம்பது, காசு கட்டிவிட்டவைக்குப் போச்சுது. மிச்சம் பத்தும் அடுத்த கிழமை அதே மேசைக்குத் திரும்பிப் போச்சுது. ஆனா கதை நிண்டதோ? அந்தக் கதையைக் கேட்டிட்டுத்தான் இன்னும் நாலு பேர் காசைக் கொண்டந்து வைச்சவை." அவள் ஒரு காற்சட்டையை எடுத்து மடியில் விரித்தாள். "வீட்டுச் சிலவு நாலு வருசமா இந்த மெசினிலை. அவர் வென்ற காசிலை நான் ஒரு கிலோ அரிசி வாங்கேல்லை."

"இப்ப அவர் எங்கை?"

"கசினோவை ரெண்டு மணிக்குத் திறப்பினம். அங்கை போயிட்டார். இண்டைக்கு எப்பிடியும் எடுத்து எல்லாருக்கும் குடுப்பன் எண்டவர். உங்களுக்கு ஆறு மணிக்கு முன்னம் போன் எடுப்பாராம்; சொல்லச் சொன்னவர்."

"எந்தக் காசோடை விளையாடப் போனவர்?"

சந்திரவதனா குனிந்து ஊசியில் நூல் கோத்தாள். முதல் தரம் தவறியது, இரண்டாம் தரமும் தவறியது.

தவமலருக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அவள் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்ப வேண்டிக்கொண்டு வந்தாள்: அந்த மனிதன் இன்றைக்கு வெல்லவேண்டும். காரில் கேட்டதெல்லாம் பொய்யாக வேண்டும். பார்க்கிங் கடைக்காரர் சொன்னது மட்டும் இன்னொருமுறை மெய்யாகவேண்டும். ராசா, ராணி என்று பெயர் தெரிந்த கடுதாசிகளையெல்லாம் அவன் கையில் கொண்டுபோய்ச் சேர்க்கும்படி அம்பாளிடம் மன்றாடினாள். ஒரு சூதாடிக்காகத் தெய்வத்திடம் இரக்கிறோமே என்று நெஞ்சு கூசியது. கூசினாலும் வாய் நிற்கவில்லை.

நான்கு மணிக்கே இருட்டிவிட்டது. தொலைபேசி மாடிப்படிக்குக் கீழே ஒரு முக்காலியில் இருந்தது. தவமலர் கோட்டைக் கழற்றாமல் முதல் படியில் குந்தினாள். ஐந்தரை. ஆறு. தியாகராஜா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார், ஆடை படிந்தது. ஆறே காலுக்கு அவள் கிங்ஸ்பரிக்கு எடுத்தாள். எங்கேஜ்ட். உடனே வைத்துவிட்டாள்; இவள் எடுக்கிற நேரத்தில் அவர் எடுத்துவிட்டால்?

"கல்யாணி எடுத்தால் என்ன சொல்லப்போறீர்?" என்று தியாகராஜா கேட்டார்.

"தெரியேல்லை."

"இருக்கெண்டு சொல்லும். முதல்லை பிள்ளை அங்கையிருந்து வெளிக்கிடட்டும். காசைப் பேந்து பாப்பம்."

"பேந்து எங்கை பாக்கிறது? ஆறாயிரத்தைந்நூறு. உங்களுக்கும் எனக்கும் மூண்டு வருசம் பிடிச்சது. வழியிலை அவளைப் பூட்டி வைச்சிட்டு அவன் எனக்கு எடுத்து, 'அக்கா' எண்டு மரியாதையாக் கதைப்பானே, அப்ப நான் என்ன சொல்லுறது?"

"அப்ப இல்லையெண்டு சொல்லும்."

"சொன்னால்? ரஷ்யன் பொலிஸ் பிடிச்சுத் திருப்பிக் கொழும்புக்கு ஏத்துவான். கொழும்பிலை இறங்கினால் யாழ்ப்பாணத்துப் பிள்ளையெண்டு உடனை உள்ளை போடுவாங்கள்."

தியாகராஜா சுவரில் சாய்ந்தார். எவரிடம் வைப்பது என்று தான் அன்றைக்குச் சொன்னதை அவர் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஏழு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது தொலைபேசி அடித்தது.

அவளுடைய கை ரிசீவரின் மேல் போய் நின்றது. பத்மநாதனாக இருக்கலாம். வென்றிருக்கலாம், வென்ற ஆளுக்கு நேரம் பிந்துவதும் நடக்கிறதுதானே. அல்லது மொஸ்கோவில் பதினான்கு பேருக்கு நடுவில் நின்று ஒரு பெண்பிள்ளை, கையைக் கையோடு தேய்த்துக்கொண்டு, அக்காவின் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கலாம்.

"எடுமன்" என்றார் தியாகராஜா.

"எடுக்கிறன்."

"தவம், நிண்டிடப் போகுது. எடும்!"

கைக்குக் கீழே ரிசீவர் அதிர்ந்தது. இருக்கு என்பதா, இல்லை என்பதா? இரண்டு சொல்லையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.