டிக் இல்லாத பத்தொன்பது தாள்கள்

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை, சென்னைக்குள்ளேயே ஒரே நாளில் மூன்று வீடுகளுக்குப் போய் வந்தேன். கோவில் பார்க்கவோ கடை பார்க்கவோ இல்லை. மின்சுற்றுப் பலகைகளை வரைய ஒரு மென்பொருள் இருக்கிறது. அதற்கு முதலாளி கிடையாது, விலை கிடையாது. பல நாடுகளில் உள்ளவர்கள் வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் அதைத் திருத்தித் திருத்தி வளர்க்கிறார்கள். அப்படி வேலை செய்பவர்களில் மூன்று பேர் அடையாறு, தி. நகர், சாந்தோம் என்று பேருந்தில் போய்விடும் தூரத்தில் இருக்கிறார்கள் என்றும், ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததே இல்லை என்றும் கேள்விப்பட்டேன். முப்பது வருடம் நிருபர் வேலை பார்த்தவனுக்கு இது போதும். இதே போல் ஒரு நாள் சுற்ற நினைப்பவர்களுக்காக நேரம், தூரம், செலவு எல்லாம் எழுதியிருக்கிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

கொட்டிவாக்கத்தில் காலை 8.10க்குப் பேருந்து ஏறினேன். ஐந்து கிலோமீட்டர்தான். ஆனால் அடையாறில் மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்திருப்பதால், மாலதியின் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது 8.55. காலை நேரத்தில் போகிறவர்கள் இருபது நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

மாலதிக்கு நாற்பது வயது இருக்கும். மென்பொருளில் உள்ள படங்களின் தொகுப்புக்கு அவர்தான் பொறுப்பு. பலகையில் பொருத்தும் ஒவ்வொரு பாகத்துக்கும் கால்கள் உண்டு. அந்தக் கால்கள் எங்கே இறங்க வேண்டும் என்று காட்டும் படத்தை இவர்கள் தங்களுக்குள் கால்படம் என்கிறார்கள். கால்படம் தவறினால் பலகை குப்பை.

“எங்க கிட்ட ஒரு சட்டம் உண்டு சார், ரெண்டு கைன்னு. பாகத்தை நிஜமா கையில எடுத்து, படத்து மேல வெச்சுப் பார்த்தவங்க ரெண்டு பேர் சரின்னு சொல்லணும். கம்பெனி கொடுத்த அளவை மட்டும் படிச்சிட்டு யாரும் சரி சொல்லக் கூடாது.”

“சொன்ன பிறகு தப்புன்னு தெரிஞ்சா?”

“கை வெச்சவங்கதான் கையை எடுக்கணும். நான் எடுக்க முடியாது. எடுத்தா அப்புறம் யாரும் எங்களை நம்ப மாட்டாங்க.”

அன்று அவருக்கு இருந்த கவலையும் அதுதான். இருபத்து நான்கு கால் உள்ள நீளமான இணைப்பான் ஒன்றின் கால்படம் தப்பு என்கிறார் தி. நகரில் இருக்கும் சாதிக். சரி என்கிறார் சாந்தோமில் இருக்கும் பெனடிக்ட். படத்தை வரைந்தவரும் பெனடிக்ட் பக்கம். வெள்ளிக்கிழமை புதிய பதிப்பு வெளியாகிறது. ஊர் உலகமெல்லாம் இறக்கிக்கொண்ட பிறகு யாரிடமிருந்தும் திரும்ப வாங்க முடியாது.

“பெனடிக்ட் சார் தப்பு பண்ண மாட்டார். ஆனா சாதிக் பொய் சொல்ற ஆளும் இல்ல,” என்றார் மாலதி. “நீங்க அங்க போகத்தானே போறீங்க? உங்க கண்ணு முன்னாடி ஒரு தடவை வெச்சுப் பார்க்கச் சொல்லுங்க. எத்தனையோ தடவை போன் நம்பர் கேட்டேன், கொடுக்கவே இல்ல. பார்சல் அனுப்புற அட்ரஸ்தான் இருக்கு.”

கணினியில் பெனடிக்ட்டின் பக்கத்தைக் காட்டினார். அதில் புது வரி விழுந்தால் எனக்கும் தெரியும்படி என் கைபேசியிலும் சேர்த்துக் கொடுத்தார். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு இரும்பு ஸ்கேலின் படம் இருந்தது. அதற்குக் கீழே, காலை ஏழு மணிக்கு மாலதி அனுப்பிய குட் மார்னிங். இணைப்பானை இன்னொரு முறை பார்க்கச் சொல்லி ஒரு வரி.

அடையாறிலிருந்து தி. நகர் ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர். பேருந்தில் 50 நிமிடம். ரங்கநாதன் தெருவின் பின்பக்கம், பை தைக்கும் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் சாதிக்கின் பட்டறை. படிக்கட்டு குறுகல், மழை நாளில் வழுக்கும். 10.40க்கு உள்ளே போனேன்.

“வா சார், வா. குந்து,” என்று ஒரு ஸ்டூலைத் தள்ளினார். பழைய தொழிற்சாலை இயந்திரங்களுக்குப் புதுப் பலகை செய்து தருவது அவர் தொழில். ஒரு பச்சைப் பலகையையும் இணைப்பானையும் என் கையில் கொடுத்தார். “நீயே சொருவு.”

முதல் கால் இறங்கியது. ஐந்தாவது காலில் லேசாக முட்டியது. ஒன்பதாவது முரண்டு பிடித்தது. கடைசிக் கால், அதற்கான துளைக்கு ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் தள்ளி நின்றது.

“அம்பது பலகை போட்டேன் சார். அம்பதும் இப்டித்தான் கீது. பெரியவருக்கு போட்டோ அனுப்புனா, நான் வெச்சுப் பாத்தேன், பொருந்துதுன்றாரு. நான் இன்னா குருடா?”

“அவரோடு பழக்கமா?”

“நாலு வருசமா. முன்னாடிலாம் காலீல ஆறு மணிக்கே பதிலு வந்துரும். எத்தினி மில்லிமீட்டர், எந்தக் கால் கோணல், அல்லாம் எழுதுவாரு. நடுவுல கிண்டல் வேற அடிப்பாரு. இப்ப ஒரு வருசமா ரெண்டே வரி. அதுவும் டாண்ணு பதினொன்னு இருவதுக்கு. நீ வேணா பாரேன்.”

பார்த்தேன். அவருடைய திரையிலும் என் கைபேசியிலும் 11.20க்கு வரி விழுந்தது. ‘வைத்துப் பார்த்தேன். பொருந்துகிறது.’ அதன் கீழே, கணினி தானாகவே எல்லோருக்கும் போடும் பதில்: ‘நன்றி, பெனடிக்ட். உங்கள் அடுத்த சரிபார்ப்பை எதிர்பார்க்கிறோம்.’

“பாத்தியா?” என்றார் சாதிக். அவர் சிரிக்கவில்லை. அந்த இணைப்பானை ஒரு உறையில் போட்டு என்னிடம் கொடுத்தார். “இத்த அவரு பேப்பர் மேல வெக்கச் சொல்லு சார்.”

தி. நகரிலிருந்து சாந்தோமுக்கு ஆட்டோவில் போனேன். 190 ரூபாய், 40 நிமிடம். லஸ் பக்கம் போகாமல் மந்தைவெளி வழியாக வாருங்கள் என்று ஓட்டுநரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கதவு எண் பழையது, புதியது என்று குழம்பியதால் லூப் ரோட்டில் இறங்கி, நொச்சிக்குப்பத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்மணியிடம் வழி கேட்டேன். மணி 1.05. வெயில் நேர் உச்சியில். வாங்க ஆள் இல்லை.

“எந்த பெனடிக்கு? ஸ்கூல்ல லேப் வாத்தியாரா இருந்தாரே, அவரா?” சங்கரா மீன் மேல் தண்ணீர் தெளித்தபடி நிமிர்ந்தார். “அவரு பூட்டாரே நைனா. வருசத்துக்கு மேல ஆவுது. நான்தான் கல்லறைத் திருநாளுக்கு அந்தம்மா கூட பூ எடுத்துனு போனேன்.”

“இன்று காலையில்கூட எனக்கு…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

“இன்னா நைனா, வெயிலு சுத்திகிச்சா? அந்த மஞ்ச சுவரு வூடு, மேல் மாடி. போ.”

கைபேசியை எடுத்து மறுபடி பார்த்தேன். 11.20. பொருந்துகிறது. கடல் அங்கிருந்து நூறு அடி இருக்கும். காற்று ஒரேயடியாக நின்றிருந்தது.

மஞ்சள் சுவர் வீட்டின் மாடிக் கதவு திறந்தே இருந்தது. மணி அடித்ததும் அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா வந்தார். கேள்விப்பட்டதை உறுதி செய்யாமல் விடுவது என் வழக்கமில்லை.

“பெனடிக்ட் சார் இருக்காரா?”

அவர் என் கையிலிருந்த உறையைப் பார்த்தார். “கால்படம் ஆளுங்களா? உட்காருங்க. சார் கிட்ட என்ன கேக்கணும்? சொல்லுங்க, நான் பதில் வாங்கித் தர்றேன்.”

உட்கார்ந்தேன். எதிர்ச் சுவரில் இயேசு படத்துக்குக் கீழே, சிவப்பு விளக்கு எரிய, மாலை போட்ட ஒரு புகைப்படம். ஜன்னலோரம் மேசை. மேசை மேல் கணினி, பெரிய பூதக்கண்ணாடி, வரிசையாக மாத்திரை டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் பாகத்தின் பெயர் ஒட்டியிருந்தது. ஆணியில் அதே இரும்பு ஸ்கேல். நாற்காலி சற்று முன்னமே யாரோ எழுந்து போனது போல் பின்னால் தள்ளியிருந்தது.

“அவர் தவறிட்டதா கீழே சொன்னாங்கம்மா,” என்றேன்.

அந்த அம்மா, பெனடிக்ட்டின் மனைவி ஸ்டெல்லா, புகைப்படத்தைத் திரும்பிப் பார்த்தார். “பதினாலு மாசம்,” என்றார். “கீழே எல்லாருக்கும் தெரியும். இதுக்குள்ளதான்,” என்று கணினியைக் காட்டினார், “யாருக்கும் தெரியாது.”

பிறகு ஒரு பழுப்பு நிற ஃபைலை எடுத்து வந்தார். மருத்துவமனைக்குப் போவதற்கு முன் பெனடிக்ட் முப்பத்தொரு கால்படங்களை அச்செடுத்து, பாகங்களை வைத்துப் பார்த்து, ஒவ்வொரு தாளிலும் முடிவை எழுதி வைத்திருந்தார். வந்து அனுப்பிக்கொள்ளலாம் என்று. வரவில்லை. அடக்கம் முடிந்த பத்தாம் நாள் ஸ்டெல்லா கணினியைத் திறந்திருக்கிறார். உடம்பு சரியில்லையா என்று கேட்டு வரிசையாகச் செய்திகள் இருந்திருக்கின்றன. முதல் தாளில் எழுதியிருந்ததை அப்படியே தட்டி அனுப்பினார். நன்றி, பெனடிக்ட் என்று பதில் வந்தது.

“உடனே வந்துச்சு சார். ‘அடுத்ததை எதிர்பார்க்கிறோம்’னு. இன்னும் முப்பது பேப்பர் இருந்துச்சு இல்ல?”

அந்த முப்பதும் தீர்ந்தன. பார்சலில் புதுப் பாகங்கள் வந்துகொண்டே இருந்தன. கணவர் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்தானே. வீட்டு அச்சுப்பொறியில் மை காய்ந்துவிட்டதால் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, பாகத்தை மேலே வைத்து, பொருந்துகிறதா என்று தானே பார்க்க ஆரம்பித்தார். கடை பதினொரு மணிக்குத் திறக்கும். பதினொன்று இருபதுக்குப் பதில் போய்விடும்.

உறையிலிருந்த இணைப்பானைக் காலையில் எடுத்த தாள் மேல் வைத்தேன். இருபத்து நான்கு காலும் புள்ளி பிசகாமல் உட்கார்ந்தன. அவர் சொன்னது உண்மை. சாதிக் சொன்னதும் உண்மை.

ஃபைலை முதலிலிருந்து புரட்டினேன். ஒவ்வொரு தாளின் அடியிலும் ஒரு நேர்க்கோடு. அதன் பக்கத்தில் 100 என்ற எண். பழைய தாள்களில் எல்லாம் கோட்டுக்குப் பக்கத்தில் பென்சிலில் ஒரு சின்ன டிக். முப்பத்தொன்றாவது தாளோடு டிக் நின்றுவிட்டது. அதற்குப் பின் இருந்த பத்தொன்பது தாள்களில் டிக் இல்லை.

“இந்தக் கோடு எதுக்கும்மா?”

“தெரியலையே. அழகுக்குன்னு நெனச்சேன்.”

ஸ்கேலை ஆணியிலிருந்து எடுத்து அளந்தேன். டிக் உள்ள தாளில் கோடு சரியாக நூறு மில்லிமீட்டர். டிக் இல்லாத தாளில் தொண்ணூற்றேழு. இன்னொன்றை எடுத்தேன். தொண்ணூற்றேழு. பத்தொன்பதிலும் தொண்ணூற்றேழு. ஜெராக்ஸ் கடையில் படத்தைத் தாளுக்குள் அடக்கிச் சுருக்கி அடித்திருக்கிறார்கள். சுருங்கிய படத்தில் பாகம் பொருந்தவில்லை என்று ஸ்டெல்லா ‘அகலப்படுத்தவும்’ என்று எழுதியிருக்கிறார். பெனடிக்ட் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வரைந்தவர்கள் மறுபேச்சில்லாமல் அகலப்படுத்தியிருக்கிறார்கள். சின்னப் பாகங்களில் வித்தியாசம் தெரியவில்லை. நீளமான ஒன்று வந்ததும் தெரிந்துவிட்டது.

நான் விளக்கியதை ஸ்டெல்லா கேட்டுக்கொண்டார். பிறகு டிக் இருக்கும் கடைசித் தாளைத் தனியே எடுத்து வைத்தார். “அப்போ அவர் இதோட நின்னுட்டார்,” என்றார்.

மாலதியைக் கைபேசியில் அழைத்து, ஒலியைக் கூட்டி மேசை மேல் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்போ இவ்வளவு நாளா நான் குட் மார்னிங் சொன்னது?”

“எனக்குத்தாம்மா,” என்றார் ஸ்டெல்லா. “திருப்பிப் போடுறதும் நான்தான். ஞாயித்துக்கிழமை மட்டும் கோவில் போயிட்டு லேட்டா போடுவேன்.”

“அந்தப் பத்தொன்பதும் வெள்ளிக்கிழமைக்குள்ள எடுக்கணும்,” என்றார் மாலதி.

“எடுத்துடலாம். அவர் பேரையும் எடுத்துடுவீங்களா?”

“மாட்டேன்மா. டிக் போட்டதெல்லாம் அவர் கை. அது நிக்கும். நீங்களும் பாகத்தைக் கையில எடுத்துத்தான் பார்த்திருக்கீங்க. உங்க பேர்ல வாங்க.” கொஞ்சம் தயங்கினார். “ஆனா அந்தப் பத்தொன்பதுலயும் கை வெச்சது பெனடிக்ட் சார். அவர்தான் எடுக்கணும்.”

மூன்று பேருக்கும் ஒரே சமயத்தில் அது புரிந்தது என்று நினைக்கிறேன். இறந்தவர் பேரில் இன்னும் ஒரே ஒரு வரி போக வேண்டும்.

ஜெராக்ஸ் கடைக்கு நானும் கூடப் போனேன். “ஓரம் வெட்டிரக் கூடாதுன்னு எல்லாத்தையும் சுருக்கித்தான்மா அடிப்போம். இத்தினி நாளா ஒருத்தரும் கேட்டதில்லையே,” என்றார் கடைக்காரர். அளவை மாற்றி மறுபடி அடித்தார். ஐந்து ரூபாய். ஸ்டெல்லா கையோடு கொண்டுவந்த ஸ்கேலைக் கோட்டின் மேல் வைத்தார். நூறு. கடைக்காரரிடம் பென்சில் கேட்டு வாங்கி டிக் போட்டார்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். திரும்பி வருவதைச் சேர்க்காமல் மொத்தம் பதினேழு, பதினெட்டு கிலோமீட்டர். எனக்கு ஆன செலவு சாப்பாடு சேர்த்து 410 ரூபாய். சாந்தோமை மதியத்துக்கு வைக்காதீர்கள், நிழல் கிடையாது. இந்த மென்பொருள்காரர்களை முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுத்தான் பார்க்கப் போக வேண்டும். நெடுநாள் திரையில் மட்டும் பழகிய ஒருவர் உங்கள் ஊரிலேயே இருந்தால், ஒருமுறை பேருந்து ஏறிப் போய்ப் பாருங்கள். அதற்கு நேரமில்லை என்றால், அச்செடுத்த தாளில் நூறு என்று போட்ட கோட்டையாவது அளந்து பாருங்கள்.

திரும்பும் வழியில், மாலை 4.52க்கு, பேருந்து மந்தைவெளியில் நின்றிருந்தபோது கைபேசி அதிர்ந்தது. இரும்பு ஸ்கேலின் படம். ஸ்டெல்லா அம்மாவின் அனுமதியோடு அந்தச் செய்தியை இங்கே தருகிறேன்.

‘நான் சென்ற ஆண்டு இறந்துவிட்டேன். அதற்குப் பின் அளக்காமல் வைத்த பத்தொன்பது கைகளையும் எடுத்துக்கொள்கிறேன். பெனடிக்ட்.’

பேருந்து நகர்வதற்குள் அதன் கீழே இன்னொரு வரி வந்து சேர்ந்தது.

‘நன்றி, பெனடிக்ட். உங்கள் அடுத்த சரிபார்ப்பை எதிர்பார்க்கிறோம்.’