பதினோரு கையெழுத்து

ஊசி மருந்து ஆலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் அவளுக்குப் பெயர் பூஞ்சை அக்கா. நுண்ணுயிரியலில் முதுகலை, பதினெட்டு வருட அனுபவம், கடைசியில் கிடைத்த பட்டம் இது! வயிறு எரியுமா எரியாதா?

வேலை என்னவோ கேட்க எளிதுதான். மருந்து நிரப்பும் அறையில், கிருமி வளர்வதற்கான கூழ் ஊற்றிய தட்டுகளை மூடி திறந்து நாலு மணி நேரம் வைக்க வேண்டும். பிறகு மூடி, சூட்டுப் பெட்டியில் ஐந்து நாள். காற்றில் கிருமி இருந்தால் தட்டில் புள்ளி புள்ளியாக முளைக்கும். முளைத்தால் மருந்தை நிறுத்த வேண்டும்.

அவள் தட்டில் எப்போதாவது முளைக்கும். முளைத்ததை அப்படியே எழுதிவிடுவாள். உடனே மேலே கூடிப் பேசுவார்கள். அறையில் குறையே இல்லையாம், இவள் கைதான் சுத்தமில்லையாம்! 'பரிசோதகர் தவறு' என்று ஒரு தாள் வரும். வேலை போய்விடுமே என்று கையெழுத்துப் போட்டுத் தொலைப்பாள். இதுவரை பதினொன்று. ஒவ்வொன்றுக்கும், கை கழுவுவது எப்படி என்று மறுபயிற்சி வேறு. அவளுக்குப் பல வருடம் பின்னால் சேர்ந்தவன் தட்டில் ஆறு வருடமாக ஒரு புள்ளி கிடையாது. அவன் இப்போது மேலாளர். இவள் இன்னும் சேர்ந்த நாளில் உட்கார்ந்த அதே மேசையில்.

இந்த மாதமும் முளைத்தது, நிரப்பும் இயந்திரத்துக்கு இடப்பக்கம். மேலாளர் தாளோடு வந்தான்.

"போட்டுடுங்க அக்கா. அதே இடத்துல நான் வச்ச தட்டு பளிச்சுனு இருக்கு பாருங்க. மருந்தை ஏத்த நாளைக்கு லாரி வருது."

"போட்டா என்னை என்ன பண்ணுவீங்க தம்பி?"

"இது பன்னிரண்டாவது இல்லையா, ஸ்டோருக்கு மாத்துவாங்க. நிம்மதியா இருக்கலாமே."

நிம்மதியாம், நிம்மதி! குழந்தைகளுக்குப் போடுகிற ஊசி அது. மதியம் கணவனுக்கு போன் போட்டாள். "எதுக்கு வம்பு, போட்டுட்டு வாயேன்" என்றான். "நம்ம பொண்ணு கையில அந்த ஊசியைக் குத்துவியா நீ?" என்றாள்.

ஆத்திரத்தோடு மேலாளரின் தட்டை எடுத்தாள். கனத்தது. கூழ் ஓரம் வரை ஈரமாகப் பளபளத்தது. அவள் தட்டிலோ ஓரமெல்லாம் வற்றிச் சுருங்கியிருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, திறக்காமலே சூட்டுப் பெட்டியில் வைக்கிற தட்டு ஒன்று எப்போதும் உண்டு. மூன்றையும் தராசில் வைத்தாள். அவள் தட்டு நாலு கிராம் குறைவு. அவனுடையதும் திறக்காத தட்டும் ஒரே எடை. குப்பைக்குப் போகக் காத்திருந்த அவனுடைய பழைய தட்டுகளையும் நிறுத்தாள். எல்லாம் அதே கதை. நாலு மணி நேரம் காற்று பட்டிருந்தால் வற்றாமல் இருக்குமா?

அடப்பாவி! ஆறு வருடமாக மூடியையே திறக்கவில்லை!

தாளை எடுத்தாள். 'நான் செய்த தவறு' என்ற கட்டத்தில் எழுதினாள்: "மூடியைத் திறந்தேன்." எடைச் சீட்டுகளை அதோடு இணைத்து, மேலாளரைத் தாண்டிப் போய் ஆலைத் தலைவரின் மேசையில் வைத்தாள்.

மறுநாள் லாரி காலியாகத் திரும்பியது. அவளிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் மட்டும் விட்டுவிடுவாளா? பழைய பதினோரு தாளையும் திருப்பித் தரச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறாள். தலைவர் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். தராமல் எழுந்திருக்கப் போவதில்லை.