பள்ளி நிர்வாகம் பொறுப்பாகாது

என்னிடம் ஒரு புகைப்படம் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்தபின் எங்கள் பள்ளியில் நடந்த பாராட்டு விழா மேடையில் எடுத்தது. கும்பிட்டபடி நிற்கச் சொல்லியிருந்தார்கள், கும்பிட்டபடி நிற்கிறேன். என் தோளில் பாதிப் பொன்னாடை. மறுபாதி எங்கள் கோஆர்டினேட்டர் சாரின் கையில். பார்ப்பவர்கள் அவர் எனக்குப் போர்த்திவிடுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். இல்லை, உருவுகிறார். வகுப்பில் இருபத்தாறு பேர், பள்ளி வாங்கியிருந்தது ஒரே ஒரு பொன்னாடை. போர்த்துவது, படம் எடுப்பது, உருவி அடுத்த பிள்ளைக்குப் போர்த்துவது என்று ஏற்பாடு. என் முறை வந்தபோது படம் எடுத்தவர் ஒரு நொடி பிந்திவிட்டார். அதனால்தான் இந்தப் படத்தை இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

கோஆர்டினேட்டர் சார் என்ன பாடம் நடத்தினார் என்று எங்கள் வகுப்பில் யாரைக் கேட்டாலும் சொல்லத் தெரியாது. காலையிலிருந்து மாலைவரை சாவிக்கொத்தை விரலில் சுற்றிக்கொண்டு வராண்டாவில் நடப்பார். பெற்றோர் வந்தால் ஆங்கிலம் பேசுவார், அவர்கள் போனதும் பழையபடி கடலூர்த் தமிழுக்கு வந்துவிடுவார். 'சென்டம் ரிசல்ட்' என்ற இரண்டு சொற்களைத் தவிர அவர் மண்டையில் வேறு எதுவும் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

அந்தப் பள்ளியில் அறிவியல் பிரிவு மட்டும்தான் இருந்தது. அப்பா தாலுகா ஆபீஸ் கிளார்க். கடலூரில் பிள்ளை இங்கிலீஷ் மீடியத்தில் படித்தால் போதும், எந்தப் பிரிவு என்றெல்லாம் அவர் கவலைப்படவில்லை. எனக்குப் பொருளாதாரம் பிடித்ததற்குத் திட்டக்குடியில் இருக்கும் என் பெரியப்பாதான் காரணம். ஒரு வருடம் அவர் மக்காச்சோளம் போட்டார். ஊரே போட்டது. அமோகமாக விளைந்தது, விலை படுத்துவிட்டது. நன்றாக விளைந்தால் எப்படி நஷ்டம் வரும் என்று கேட்டேன். வீட்டில் எல்லோரும் நேரம் சரியில்லை என்றார்கள். பழைய புத்தகக் கடையில் வாங்கிய பொருளாதாரப் பாடநூலில் ஒரு படம் போட்டு, இரண்டு கோடு கிழித்து, காரணம் சொல்லியிருந்தது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், கல்லூரியில் இதைத்தான் படிக்கப்போகிறேன் என்று.

எங்கள் பாடத்திட்டத்தில் ஐந்து பாடம் கட்டாயம். விரும்பினால் ஆறாவதாக ஒன்றைச் சொந்தமாகப் படித்துப் பரீட்சை எழுதலாம். ஐந்தில் ஒன்றில் தவறினால் ஆறாவது அந்த இடத்துக்கு வந்து காப்பாற்றும். விதிமுறைத் தாளைக் காட்டி கோஆர்டினேட்டர் சாரிடம் அனுமதி கேட்டேன். அவர் அதைப் படிக்கவில்லை. "உனக்கு ஏம்மா இந்த வேண்டாத வேல? நாளைக்கு நீ அதுல புட்டுக்கினா எங்க ரிசல்ட்டு என்னாவுறது?" என்றார். இரண்டு வாரம் நடையாய் நடந்தேன். கடைசியில் ஒரு தாளை டைப் அடித்துக் கொண்டுவந்தார். மேற்படி பாடத்தில் மாணவி தோல்வியடைந்தால் அதற்குப் பள்ளி நிர்வாகம் எந்த விதத்திலும் பொறுப்பாகாது என்று அதில் இருந்தது. அப்பா படிக்காமலே கையெழுத்துப் போட்டார். தாலுகா ஆபீஸில் அவருக்கு அது பழக்கம்.

பொருளாதாரத்தில் நூற்றுக்கு இருபது மதிப்பெண் செயல்திட்டத்துக்கு. நான் கடலூர் மீன்பிடித் துறைமுகத்தை எடுத்துக்கொண்டேன். ஏழு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் நின்று, சங்கராவும் மத்தியும் மணிக்கு மணி என்ன விலை போகின்றன என்று எழுதினேன். முதல் நாள் அங்கிருந்த பெண்கள் என்னை ஏதோ ஆபீசர் வீட்டுப் பெண் என்று நினைத்து விலையை மாற்றிச் சொன்னார்கள். மூன்றாவது வாரம் ஒரு மீன்கார அக்கா மட்டும் கூப்பிட்டு, "இத எழுதிக்க பாப்பா. ஐஸு இருக்குற வரைக்கும் வெல நாங்க சொல்றது. ஐஸு தீந்துடுச்சின்னா வாங்க வர்றவன் சொல்றதுதான் வெல" என்றார். பாடநூலில் ஒரு அத்தியாயம் முழுக்கச் சொன்னதை அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அதை அப்படியே எழுதி வரைபடமும் போட்டேன்.

பள்ளியில் பொருளாதார ஆசிரியர் கிடையாது என்பதால் மதிப்பெண் போட கோஆர்டினேட்டர் சாரே உட்கார்ந்தார். ஃபைலின் அட்டையைத் தடவிப் பார்த்தார். ரிசர்வ் பேங்க் எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டார். மும்பை என்றேன். டெல்லி இல்லையா என்று அருகிலிருந்த நூலகரைக் கேட்டு, மும்பைதான் என்று உறுதிப்படுத்திக்கொண்டார். பிறகு இருபதுக்குப் பதினொன்று போட்டார். அதே வாரம் இயற்பியல் செய்முறைத் தேர்வில், ஊசலைத் தொட்டே பார்க்காத எங்கள் இருபத்தாறு பேருக்கும் முப்பதுக்கு முப்பது. ஏன் சார் என்று கேட்டேன். "ஃபிசிக்ஸுக்கு வாத்தியாரு இருக்காரு, ஃபுல் மார்க் போட்டா நம்புவாங்க. நடத்தாத பாடத்துக்கு ஜாஸ்தி போட்டா போர்டுல சந்தேகம் வரும்ல?" என்றார். உழைக்காதவர்களுக்கெல்லாம் முழுதாக அள்ளிக் கொடுத்துவிட்டு, உழைத்த ஒரே ஆளிடம் நேர்மையைக் காட்டிய மனிதர் அவர். அந்த முகத்தில் ஒரு துளி வெட்கம் இல்லை.

தேர்வு மையம் சிதம்பரம். மற்ற ஐந்து பாடத்துக்கும் பள்ளி வேன் போனது. பொருளாதாரத்துக்கு நான் ஒருத்திதான். "ஒரு ஆளுக்கு டீசல் போட முடியுமா? எக்கனாமிக்ஸ் படிக்கிற பொண்ணுதான நீ, நீயே கணக்குப் போட்டுப் பாரு" என்று சொல்லிச் சிரித்தார். பேருந்தில் நின்றுகொண்டே போனேன். பரங்கிப்பேட்டை பிரியும் இடத்தில் கல்யாணக் கூட்டம் ஒன்று ஏறி, என் பரீட்சை அட்டை இரண்டாக உடைந்தது. உடைந்த அட்டையின் பெரிய துண்டை வைத்துத்தான் எழுதினேன். அழுகிப்போகும் பொருளின் விலை பற்றி ஒரு கேள்வி வந்தது. மீன்கார அக்காவை நினைத்துக்கொண்டு இரண்டு பக்கம் எழுதினேன்.

முடிவு வந்தது. பொருளாதாரத்தில் எழுத்துத் தேர்வில் எண்பதுக்கு எழுபத்தாறு. இயற்பியல் எழுத்துத் தேர்வில் நான் தேறவில்லை. ஆறாவது பாடம் அந்த இடத்துக்கு வந்தது, தேர்ச்சி என்று போட்டிருந்தது. அதாவது, எந்தப் பாடத்தால் ரிசல்ட் கெடும் என்று எழுதி வாங்கினாரோ, அந்தப் பாடத்தால்தான் அவருடைய சென்டம் பிழைத்தது. அது இல்லையென்றால் இருபத்தைந்து பேரோடு நின்றிருக்கும். பாராட்டு விழாவில் அவர் மைக்கைப் பிடித்து, "மாணவியோட திறமைய முன்கூட்டியே கண்டுபுடிச்சி எக்கனாமிக்ஸ் எடுக்க வெச்சதே நாங்கதான்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள், என் அப்பாவும்தான். பிறகு போர்த்தினார், பிறகு உருவினார். எனக்கு அழுகை வந்தது. கும்பிட்ட கையை இறக்காமல் அப்படியே நின்றேன்.

இப்போது நான் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறேன். அவர் அந்தப் பள்ளியின் பிரின்சிபால். இப்படிப்பட்டவர்கள் வேறு என்ன ஆவார்கள்? போன மாதம் கூப்பிட்டார். "என்னாம்மா, நம்ம ஸ்கூல மறந்துட்டியா? எக்கனாமிக்ஸ் குரூப்பு ஆரம்பிக்கிறோம், நீதான் சீஃப் கெஸ்ட்டு." போகாமல் இருந்திருக்கலாம். அந்த மேடையில் இன்னொரு முறை ஏற ஆசை இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது, போனேன்.

வாசலில் மேசை போட்டுப் புதுப் பிரிவில் சேரும் ஒன்பது பிள்ளைகளின் பெற்றோரிடம் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். பாடத்தின் பெயருக்கு மட்டும் கோடு விட்டு, மற்றதெல்லாம் என் அப்பா கையெழுத்துப் போட்ட அதே வாக்கியம். ஒரு அம்மா பேனாவை வைத்துக்கொண்டு, "இதுல என்னாங்க போட்டுருக்கு? போட்டாதான் சீட்டுன்னு சொல்றாங்க" என்று என்னைக் கேட்டார். "பத்து நிமிஷம் பொறுங்க, மேடையில சொல்றேன்" என்றேன்.

வரவேற்புரையில் அவர் பழைய பொய்யைப் புதிதாகச் சொன்னார். பொன்னாடை போர்த்தினார், ஃப்ளாஷ் அடித்தது. அடுத்து இரண்டு பேர் மேடையில் காத்திருந்தார்கள். அவர் கை பழக்கதோஷத்தில் என் தோளுக்கு வந்தது. நான் பிடித்துக்கொண்டேன். அவர் இழுத்தார். நான் விடவில்லை. "வுடும்மா, இன்னும் ஆளு இருக்காங்க" என்று பல்லைக் காட்டியபடி முணுமுணுத்தார். "இது எனக்குப் போட்டது சார்" என்றேன். அதைப் போர்த்திக்கொண்டே மைக்குக்குப் போய், என் அப்பா கையெழுத்துப் போட்ட கதையையும் பதினொரு மதிப்பெண்ணையும் உடைந்த அட்டையையும் சொன்னேன். முடித்ததும் அந்த அம்மா கூட்டத்தில் எழுந்து, "பொறுப்பு இல்லன்னா எதுக்கு சார் ஸ்கூலு?" என்று கேட்டார். "அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டிம்மா" என்று அவர் சிரிக்கப் பார்த்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. பெற்றோர் தங்கள் படிவங்களை அன்றைக்கே திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

விழாப் படங்களைப் பள்ளி எனக்கு அனுப்பவில்லை. படம் எடுத்தவர் ஒன்றை மட்டும் தனியாக அனுப்பிவைத்தார். பழைய படத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே மேடை, அதே மனிதர், பொன்னாடையின் ஒரு முனை இதிலும் அவர் கையில்தான் இருக்கிறது. ஆனால் இதில் நான் கும்பிடவில்லை. மறுமுனையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.