டூப்ளிகேட் கியர்க்காரன்

கியர் விற்கிற தொழிலில் வாங்க வந்தவரிடம் கேள்வி கேட்டே ஆக வேண்டும். கேட்ட நிமிஷமே அவருக்கு நம் மேல் சந்தேகம் வந்துவிடும். மோட்டார் எத்தனை எச்.பி., என்ன வேகம், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடும், லோடு திடீரென்று ஏறுமா, ஒரே பக்கம் சுற்றுமா இரண்டு பக்கமுமா. இவ்வளவுதான் கேட்பேன். போடியில் இதற்குப் பதில் வாங்குவதற்குள், திருட்டு வழக்கை விசாரிக்கிற போலீஸ்காரர் படுகிற பாட்டை நான் பட்டுவிடுவேன். பம்பு செட்டு, பெயிண்டு, மருந்து என்று எதையாவது விற்றுக்கொண்டு என்னைப் போலவே கல்லாவில் உட்கார்ந்திருக்கும் சக அவதியாளர்களே, உங்களுக்கு இது புதிதாக இருக்காது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், நானும் லேசில் யாரையும் நம்புகிறவன் இல்லை.

உடைத்துப் பார்க்கணும்

ஏலக்காய் வியாபாரி ஒருவர் சல்லடை மெஷினுக்கு பல் சாய்வாக வெட்டிய ஹெலிகல் கியர் ஒரு ஜோடி கேட்டு வந்தார். ஏல மையத்தில் சாம்பிளை உள்ளங்கையில் கொட்டி, முகர்ந்து, நாலைந்தை உரித்து விதையின் நிறம் பார்த்தே பழகிய கை. கியரையும் ஏந்தி எடை பார்த்தார். காதருகே வைத்து ஆட்டினார். கிரீஸை முகர்ந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து ஒட்டிப் பார்த்தார்.

காந்தம் எந்த ஸ்டீலிலும் ஒட்டும், பல்லைச் சூடேற்றிக் கடினப்படுத்தியிருக்கிறதா என்பதை அது சொல்லாது என்றேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அப்படியென்றால் ஒட்டுகிற மட்டச் சரக்கும் உங்களிடம் இருக்கிறதா என்று பிடித்துக்கொண்டார். ஒரு கியரைச் சாம்பிளாகக் கொடுங்கள், ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு மற்றதை எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஒன்று இடது சாய்வு, ஒன்று வலது சாய்வு, இரண்டும் சேர்ந்தால்தான் ஓடும் என்று காகிதத்தில் வரைந்து காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏலக்காயவே உடைச்சுப் பாத்துத்தான் வாங்குறோம், இத உடைக்காம எப்படிண்ணே நம்புறது?"

சத்தம் போடுகிற கியர்

குரங்கணியில் ஒரு காப்பித் தோட்டக்காரர். பழத்தைத் தோலுரிக்கிற மெஷினில் நேர்ப்பல் கியர் வைத்திருந்தார். நேர்ப்பல்லில் ஒரு பல் முழுசாக வந்து இன்னொன்றின் மேல் இடிக்கும், அதனால் இரைச்சல். ஹெலிகலில் பல் சாய்வாக இருப்பதால் ஓரத்தில் தொட்டு மெல்ல மெல்ல முழுப் பல்லும் பிடிக்கும். சத்தமும் குறையும், பாரமும் கூடுதலாகத் தாங்கும். கியர் மாட்டிய தண்டைப் பக்கவாட்டில் தள்ளும், அதற்குத் தகுந்த பேரிங் போட்டால் போதும். அத்தனையும் சொல்லி, நானே ஜீப்பில் போய் நின்று மாட்டிக் கொடுத்து வந்தேன்.

நாலாம் நாள் அதைக் கழற்றச் சொல்லிக் கடைக்கு வந்துவிட்டார். என்ன கோளாறு என்றேன். கோளாறு எதுவும் இல்லையாம். தோல் நன்றாக உரிகிறதா என்றேன். முன்னைவிட நன்றாக உரிகிறதாம். பிறகு எதற்குக் கழற்றச் சொல்கிறீர்கள் என்று கேட்டதற்கு, கடையில் வேறு யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு பதில் சொன்னார்.

"முந்தி அந்த எரைச்சல் மேட்டு வீடு வரைக்கும் கேக்கும் அப்பு, ஆளுக வேலை பாக்குறாகளா ஒக்காந்திருக்காகளான்னு படுத்த எடத்துலயே தெரிஞ்சுக்கிருவேன், எனக்குச் சத்தம் போடுற கியரே குடு."

கவரில் வந்த பற்கள்

ராசிங்காபுரத்தில் பாண்டியம்மா அக்கா ஏலக்காய் சுத்தம் செய்கிற களம் நடத்துகிறார். உலர்ந்த காயை உருளை மெஷினில் போட்டுச் சுற்றினால் காம்பும் பூமுனையும் தேய்ந்து உதிரும். பிறகு எட்டுப் பெண்கள் உட்கார்ந்து தரம் பிரிப்பார்கள். காய் வியாபாரிகளுடையது, சுத்தம் செய்கிற கூலிதான் அக்காவுக்கு. அந்த உருளைக்கு ஹெலிகல் கியர் ஜோடி எடுக்க வந்தபோது என் ஐந்து கேள்விகளையும் கேட்டேன். கடைசிக் கேள்விக்கு மட்டும், நான் கேட்டு முடிப்பதற்குள் ஒரே பக்கம்தான் என்று சொல்லிவிட்டார்.

மூன்றே வாரம். கடையில் நாலு பேர் நிற்கிற நேரம் பார்த்து வந்தார். ஒரு பிளாஸ்டிக் கவரைக் கவிழ்த்தார். உடைந்த பற்கள் மேஜையில் சிதறின. களத்தில் இரண்டு வியாபாரிகளின் மூட்டை காத்துக் கிடக்கிறது, ஏலத்துக்குப் போகாவிட்டால் இனி அந்தப் பக்கமே வரமாட்டார்கள் என்றார். எனக்கு அந்த நாலு பேர் மேல்தான் கண் இருந்தது. சாயங்காலத்துக்குள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான் டூப்ளிகேட் விற்கிறவன் ஆகிவிடுவேன். இந்த ஊரில் அந்தப் பெயர் வாங்கினவன் கடையை மூடிவிட்டு வேறு சோலி தேட வேண்டியதுதான்.

"நாலு பேரு நிக்கயிலதான் கேக்கணும்னு காத்திருந்து வந்தேன் தம்பி, நீ குடுத்தது டூப்ளிகேட்டுதான?"

இரண்டு பக்கமும் விரிசல்

வேறு ஜோடி கொடுத்தேன். அதுவும் ஒரு மாதத்தில் பல்லைக் கொட்டியது. களத்தில் கியரை மாட்டிய மெக்கானிக் செல்வம் சரியாக மாட்டவில்லை என்று எனக்குச் சந்தேகம். நான் பழைய கியரை எண்ணெய் போட்டுத் துடைத்துக் கொடுத்தேன் என்று அவனுக்குச் சந்தேகம். எனக்குக் கியர் செய்து அனுப்புகிற கோயம்புத்தூர் பட்டறை மேலேயே எனக்குச் சந்தேகம் வந்து, உடைந்த துண்டை மதுரைக்குக் கொண்டுபோய்க் கடினத்தைச் சோதித்தேன். சரியாகவே இருந்தது.

கடைசியில் லென்ஸை வைத்து, உடையாமல் மிஞ்சிய பற்களைப் பார்த்தேன். பல்லின் அடியில் இரண்டு பக்கமும் விரிசல் ஓடியிருந்தது. ஒரே பக்கம் சுற்றுகிற மெஷினில் இழுவை பல்லின் ஒரு பக்கத்துக்குத்தான் வரும். அப்படியானால் உருளையை யாரோ எதிர்ப்பக்கம் திருப்புகிறார்கள், அதுவும் நிற்பதற்கு முன்பே திருப்புகிறார்கள். செல்வத்திடம் துண்டைக் காட்டினேன். விரிசலை நகத்தால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"அக்கா பொய் சொல்லுதுன்னு என் வாயால நான் சொல்ல மாட்டேன், நீங்களே போய்ப் பாருங்கண்ணே."

காலண்டருக்குப் பின்னால்

மூன்றாவது ஜோடியோடு நானே போனேன். மாட்டி முடித்து, காலை முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஒரே பக்கம்தான் சுற்றியது. ஒவ்வொரு ஈடு முடிந்ததும் மெஷினை நிறுத்தி, மூடியைத் திறந்து, ராசாத்தி என்ற பெண் கையால் காயை அள்ளிப் போட்டாள். அவள் அள்ளும்போது பாண்டியம்மா அக்காவின் பார்வை அந்தக் கையைவிட்டு நகரவே இல்லை. மெஷின் பக்கத்துச் சுவரில் போன வருஷத்துக் காலண்டர் ஒன்று தொங்கியது. போன வருஷத்துத் தேதி யாருக்கு வேண்டும் என்று எழுந்து போய்த் தூக்கிப் பார்த்தேன். காலண்டருக்குப் பின்னால், உருளையை இரண்டு பக்கமும் திருப்புகிற சுவிட்சு.

அக்கா என் கையைப் பிடிக்காத குறையாக வெளியே கூட்டிக்கொண்டு போனார். உருளையைத் திருப்பிச் சுற்றவிட்டால் காய் தானாகவே சாக்கில் கொட்டுமாம், கை படவே படாதாம். கை பட்டால் என்ன என்றேன். தலையைக் குனிந்துகொண்டார். மூட்டைக்கு மூட்டை எடை குறைகிறதாம். காம்பு உதிர்ந்தால் எடை குறையத்தானே செய்யும் என்றேன். யாரையாவது பிடித்தீர்களா என்று கேட்டதற்கு, இல்லை என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. இவருடைய சந்தேகத்துக்கு என் பெயரா கிடைத்தது?

"நம்பாமத்தான் சுவிட்சு மாட்டுனேன்னு தெரிஞ்சா எட்டுப் பேரும் நாளைக்கே வேற களத்துக்குப் போயிருவாளுக, சீசன்ல நான் எங்க போவேன், கியரு மட்டம்னே இருந்துட்டுப் போகட்டும்யா."

ராசாத்தி

வண்டியை எடுக்கிறபோது ராசாத்தி பின்னாலேயே வந்தாள். நான் விட்டுவிட்டு வந்த ஸ்பேனர் அவள் கையில் இருந்தது. அதைக் கொடுத்தவள் போகவில்லை. உருளை நின்ற பிறகு திருப்பினால் என்ன, அப்படி என்ன அவசரம் என்று கேட்டுவிட்டேன். களத்தின் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"அந்தச் சுவிட்சு எதுக்கு வந்துச்சுன்னு எங்களுக்குத் தெரியும்ண்ணே, அக்கா தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டிருக்கு, கை வைக்காதன்னு சொல்ற மெஷின நாங்க எதுக்கு நின்னு நிதானமாத் திருப்பணும்?"

திருந்தியவன்

அக்காவிடம் ராசாத்தியைச் சொல்ல முடியாது, ராசாத்தியிடம் அக்காவைச் சொல்லத் தேவையில்லை. எலக்ட்ரீஷியனைக் கூட்டிப்போய் ஒரு டைமர் மாட்டினேன். சுவிட்சை எவ்வளவு வெரசாகத் தட்டினாலும் உருளை நின்ற பிறகுதான் எதிர்ப்பக்கம் சுற்றும். கியருக்கு நல்லது என்று இரண்டு தரப்பிடமும் சொன்னேன். இரண்டு தரப்பும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். மூன்றாவது ஜோடி அந்த சீசன் முழுக்க ஓடியது. வியாபாரிகள் போகவில்லை, பெண்களும் போகவில்லை.

அக்காவும் நன்றி மறக்காதவர், பார்க்கிறவர்களிடம் எல்லாம் என் கடையைச் சொல்லியிருக்கிறார். போன வாரம் மலையிலிருந்து ஓர் எஸ்டேட் மேஸ்திரி வந்தார். அவர் பேச்சைக் கேட்டதும் உண்மை வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் சாயங்காலத்துக்குள் ராசிங்காபுரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். எட்டுப் பெண்களை நினைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு ஜோடியை எடுத்து வைத்தேன். மேஸ்திரி கேட்டது இதுதான்.

"முதல்ல ரெண்டு தடவ மட்டத்தக் குடுத்தாப்ல, நாலு பேரு முன்னால கேக்கவும் ஒரிஜினல எடுத்துட்டாப்லன்னு பாண்டியம்மா சொல்லுச்சு, அந்த ஒரிஜினல்ல எனக்கும் ஒரு ஜோடி கொண்டா."

இத்தனை வருஷம் நல்ல கியர் விற்று வாங்க முடியாத நல்ல பெயரை, திருடன் திருந்திவிட்டான் என்ற வகையில் ஒருவழியாக வாங்கிவிட்டேன்.