எந்த ஊர்க்காரி

அப்பா ராணுவத்தில் இருந்ததால் ஜோத்பூரில் பிளஸ் டூ முடித்தேன். நான் தமிழ்நாட்டுக்காரி என்பதற்கு நேட்டிவிட்டி சான்றிதழ் இல்லையென்றால் இங்கே அரசு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் கிடைக்காது. தனியார் கல்லூரிக் கட்டணம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. விண்ணப்பிக்க மறுநாள்தான் கடைசி நாள். அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் இருக்கும் எங்கள் சொந்த வீட்டுக்கு வி.ஏ.ஓ. விசாரிக்க வந்தார்.

பக்கத்து வீட்டு அத்தை முந்திக்கொண்டு பெருமையாகச் சொன்னார்: "மிலிட்டரிக்காரங்க சார்! இவங்க எங்க இங்க இருக்காங்க? வருசத்துக்கு ஒருவாட்டி வந்தாலே ஜாஸ்தி."

வி.ஏ.ஓ. பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "ஊர்லயே இல்லன்றாங்களேம்மா. நான் எப்படி எழுதித் தர்றது?" என்று அம்மாவிடம் கேட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அங்க மதராஸின்றாங்க, இங்க வெளியூருன்றீங்க. இன்னா சார், சும்மா பேஜார் பண்றீங்க?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இது இந்த ஊரு வாய்தான், சந்தேகமே இல்ல" என்று பேனாவை மறுபடி எடுத்தார்.

"'இன்னா'ன்னு பேசாதடி" என்று ஒவ்வொரு ராணுவக் குடியிருப்பிலும் அம்மா அடித்த வாய் அது.